பவளத்திற்குச் சுண்ணாம்பு ஊட்டுவது எப்படி?

(அறிவியல் மன்றக் கட்டுரை)



கொல்லன் தெருவில் ஊசி விற்பதா என்று கேட்பார்கள். அரியலூர், பெரம்பலூர்ப் பிள்ளைகளுக்குச் சுண்ணாம்பைப் பற்றிக் கட்டுரை எழுதுவதும் ஏறக்குறைய அப்படிப்பட்ட வேலைதான். பள்ளிக்கு வரும் வழியில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளை அன்றாடம் காண்கிறீர்கள். உங்களில் சிலருடைய தந்தையோ தமையனோ சுரங்கத்திலும் சிமெண்டு ஆலையிலும் வேலை பார்க்கலாம். வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்பு உண்டு. பொங்கலுக்கு அடிக்கும் வெள்ளையிலும் சுண்ணாம்பு உண்டு. ஆயினும் இந்தக் கட்டுரை எழுப்பும் வினா உங்களுக்குப் புதியதாக இருக்கும்.

ஒரு கண்ணாடித் தொட்டியில் கடல்நீரை நிரப்பி அதில் பவளம் வளர்ப்பவர்கள் உலகில் பலர் இருக்கிறார்கள். ஜெர்மனி, அமெரிக்கா, சிங்கப்பூர் முதலிய நாடுகளில் வீட்டுக் கூடத்திலேயே இத்தகைய தொட்டிகளை வைத்திருக்கிறார்கள். பவளம் வளர வளரத் தொட்டி நீரிலுள்ள கால்சியம் குறைந்துகொண்டே போகும். குறைந்ததை எவ்வாறு ஈடு செய்வது? நம் ஊர்க் கல் ஒன்றைத் தூக்கித் தொட்டியில் போட்டுவிட்டால் போதாதா?

போதாது என்பதே விடை. ஏன் போதாது, வேறு என்ன வழிகள் உண்டு, அவற்றுள் எதனை எப்பொழுது தேர்ந்தெடுப்பது என்பவற்றை வரிசையாகக் காண்போம். நம் நாட்டில் வீட்டில் பவளம் வளர்க்கலாமா என்ற வினாவும் உங்கள் மனத்தில் எழும். அதற்கும் கட்டுரையின் முடிவில் விடை கிடைக்கும்.

நம் ஊரில் இருந்த கடல்

இன்று அரியலூரிலிருந்து கடற்கரைக்குப் போக வேண்டுமானால் எண்பது கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே செல்ல வேண்டும். ஆனால் ஏறத்தாழ பதினொரு கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் வரை, கடலே இங்கு வந்து வந்து போயிற்று. நிலவியலார் இக்காலத்தைக் கிரட்டேசியக் காலம் என்பர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பிளான்போர்டு என்னும் ஆங்கிலேயர் 1862-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இப்பகுதிப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். இன்றும் உலகெங்கும் நிலவியல் நூல்களில் நம் ஊர்ப் பெயர்கள் அவ்வாறே வழங்குகின்றன.

காரை கிராமத்தின் செம்மண் பள்ளங்களில் அம்மோனைட்டு என்னும் சுருள் வடிவக் கடலுயிரின் கல்லுருவங்கள் கிடைக்கின்றன. கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புக்கல்லில் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காகப் புதைந்துள்ளன. அருகிலுள்ள கல்லக்குடியில் பவளங்களும் சுண்ணாம்புப் பாசிகளும் சேர்ந்து கட்டிய பழந்திட்டின் கல்லைக் காணலாம். வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்திற்குச் சென்றவர்கள் இவற்றுள் சிலவற்றை நேரிலேயே பார்த்திருப்பீர்கள்.

ஆகவே நம் ஊர்ச் சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் கடலுயிர்கள் தங்கள் உடலைக் காக்கக் கட்டிய வீடுகளின் குவியல்தான். கடல்நீரில் கரைந்திருந்த கால்சியத்தை அவை கல்லாக மாற்றின. இன்றைய பவளமும் அதே வேலையைத்தான் செய்கிறது. தொட்டியில் பவளம் வளர்ப்பவர் இதற்கு நேர்மாறான வேலையைச் செய்ய வேண்டும். அதாவது, கல்லாக இருப்பதை மீண்டும் நீரில் கரைந்த பொருளாக்கிக் கொடுக்க வேண்டும்.

பவளம் கல்லைத் தின்பதில்லை

பவளம் என்பது செடியன்று, கல்லுமன்று. அது மிகச் சிறிய விலங்குகளின் கூட்டம். ஒவ்வொரு பவள உயிரியும் தன் அடியில் கால்சியம் கார்பனேட்டால் ஆன கிண்ணம் ஒன்றைக் கட்டிக்கொள்கிறது. அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் சூரிய ஒளியில் உணவு தயாரித்து அதற்குக் கொடுக்கின்றன.

கிண்ணம் கட்டுவதற்கு இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று கால்சியம். மற்றொன்று பைகார்பனேட்டு. வேதியியல் மாற்றத்தைச் சொற்களில் எழுதினால் இவ்வாறு இருக்கும்:

கால்சியம் 1 பங்கு + பைகார்பனேட்டு 2 பங்கு = கால்சியம் கார்பனேட்டு 1 பங்கு + கரியமில வாயு 1 பங்கு + நீர் 1 பங்கு

கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 410 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. பைகார்பனேட்டு முதலியவற்றின் அளவைக் காரத்தன்மை என்ற பெயரால் குறிக்கிறோம். அது லிட்டருக்குச் சுமார் 2.3 மில்லி சமானம். கடல்நீரின் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 8.1.

இந்த நீரில் கால்சியம் கார்பனேட்டு ஏற்கெனவே நிறைவுற்ற நிலையையும் கடந்து நிற்கிறது. ஆகவே சுண்ணாம்புக்கல்லை அதில் போட்டால் கல் கரையாது. கரைவதற்கு நீர் அமிலத்தன்மை உடையதாக இருக்க வேண்டும். நம் கிணற்று நீரில் கல் கரைவது எப்படி என்று கேட்கலாம். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்லிய அமிலமாகிறது. பின்னர்ச் சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கிறது. அதனால்தான் இப்பகுதியின் பல கிணற்று நீர் கடின நீராக இருக்கிறது. அடுப்பில் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு உண்டாகிறது. தொட்டியிலுள்ள கடல்நீருக்கு அந்த அமிலத்தன்மை இல்லை.

முதலில் அளக்க வேண்டும்

மருந்தின் பெயரைக் கேட்பதற்கு முன் நோயாளியின் நாடியைப் பார்க்க வேண்டுமல்லவா? அதுபோல, எந்த முறை நல்லது என்று கேட்பதற்கு முன், நம் தொட்டி ஒரு நாளைக்கு எவ்வளவு சுண்ணாம்பைச் செலவிடுகிறது என்று அளக்க வேண்டும். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

கால்சியத்தின் சமான எடை 20. ஆதலால் காரத்தன்மை லிட்டருக்கு 1 மில்லி சமானம் குறையும்போது கால்சியம் 20 மில்லிகிராம் குறையும். கால்சியம் 410-லிருந்து 390 ஆனால் அது நூற்றுக்கு ஐந்து பங்குக் குறைவே. காரத்தன்மையோ 2.3-லிருந்து 1.3 ஆகிவிடும். அது நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட குறைவு. எனவே பவளத்திற்கு முதலில் பஞ்சம் வருவது கால்சியத்தால் அன்று, காரத்தன்மையால்தான். கால்சியத்தை மட்டும் நாள்தோறும் அள்ளிப் போடுபவர் நோயை விட்டு வேறொன்றுக்கு மருந்து கொடுக்கிறார்.

காரத்தன்மையை அளப்பது மேல்நிலை வகுப்பு மாணவியருக்கு எளிது. பியூரெட்டும் பிப்பெட்டும் கொண்டு செய்யும் பருமனறி பகுப்பாய்வுதான் அது. தொட்டி நீரில் 100 மில்லி லிட்டர் எடுத்து, மெத்தில் ஆரஞ்சு நிறங்காட்டி இரண்டு துளி விட்டு, 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம் பார்க்க வேண்டும். எத்தனை மில்லி லிட்டர் அமிலம் செலவாகிறதோ, லிட்டருக்கு அத்தனை மில்லி சமானம் காரத்தன்மை இருக்கிறது என்று கொள்ளலாம். கடைகளில் விற்கும் துளிச் சோதனைப் பெட்டிகளும் இதே தத்துவத்தில் அமைந்தவை. அவற்றுள் சில ஜெர்மன் டிகிரி என்ற அளவில் விடை தரும். ஒரு மில்லி சமானம் 2.8 ஜெர்மன் டிகிரிக்குச் சமம்.

100 லிட்டர் நீருள்ள தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் காரத்தன்மை 3.0. ஐந்து நாள் ஒன்றும் சேர்க்காமல் விட்டு மீண்டும் அளந்தால் 2.5. குறைந்தது 0.5, நாளொன்றுக்கு 0.1. தொட்டி முழுமைக்கும் நாள்தோறும் 10 மில்லி சமானம் செலவு. இந்த ஒரே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு முறைகளைப் பார்க்கலாம். ஒரே நாளில் அளந்தால் வேறுபாடு மிகச் சிறியதாக இருக்கும். அளவீட்டுப் பிழை அதனை விழுங்கிவிடும். அதனால்தான் ஐந்து நாள் இடைவெளி.

நான்கு முறைகள்

1. நீர் மாற்றுதல்

வாரந்தோறும் தொட்டி நீரில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் புதிய கடல்நீரை ஊற்றுவது முதல் முறை. இதில் கருவி வேண்டா, ஆபத்தும் குறைவு. கழிவுகளும் வெளியேறும். ஆனால் பலர் நினைப்பது போல இதனால் காரத்தன்மை அதிகம் ஏறுவதில்லை. வாரம் 20 லிட்டர் மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். புதிய நீரில் 3.0, தொட்டியில் 2.3 என்றால், மாற்றியபின் தொட்டியில் கூடுவது 0.14 மட்டுமே. வாரத்திற்கு 0.14 என்றால் நாளொன்றுக்கு 0.02. நம் எடுத்துக்காட்டுத் தொட்டியோ அதைப்போல் ஐந்து மடங்கு செலவிடுகிறது. ஆகவே மீன்களும் சில நத்தைகளும் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசியும் மட்டுமே உள்ள தொட்டிக்கு நீர் மாற்றுதல் போதும். கல் பவளம் வளரும் தொட்டிக்குப் போதாது.

2. சுண்ணாம்பு நீர்

இது உங்களுக்கு நன்கு அறிமுகமானது. கரியமில வாயுவைச் சோதிக்க வகுப்பறையில் குழாய் வழியே ஊதிப் பால்போல் வெண்மையாக்குவோமே, அதே தெளிந்த சுண்ணாம்பு நீர்தான். ஜெர்மானியர் இதனைக் கால்க்வாசர் என்பர். அச்சொல்லுக்கும் சுண்ணாம்பு நீர் என்றே பொருள்.

சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரி சென்டிகிரேடில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் நீர் தெளித்தால் சீறிக்கொண்டு சூடாகி நீற்றுச் சுண்ணாம்பாகும். இதுவே கால்சியம் ஹைட்ராக்சைடு. ஒரு லிட்டர் தூய நீரில் 2 கிராம் போட்டுக் கலக்கி மூடி வைத்தால், அறை வெப்பத்தில் சுமார் 1.6 கிராம் கரையும். மீதி அடியில் தங்கும். சர்க்கரையும் உப்பும் சூட்டில் அதிகம் கரையும். நீற்றுச் சுண்ணாம்போ சூடு ஏற ஏறக் குறைவாகவே கரையும் என்பது நினைவில் வைக்கத்தக்க ஒரு விந்தை.

நிறைவுற்ற சுண்ணாம்பு நீர் ஒரு லிட்டரில் சுமார் 40 மில்லி சமானம் காரத்தன்மையும், அதற்கேற்ற 800 மில்லிகிராம் கால்சியமும் உண்டு. பவளம் எடுக்கும் அதே விகிதத்தில் இரண்டும் அமைந்திருப்பது இம்முறையின் பெருஞ்சிறப்பு. தொட்டியில் சேரும்போது இது கரியமில வாயுவை ஏற்றுப் பைகார்பனேட்டாக மாறுகிறது. வேண்டாத உப்பு எதுவும் மிஞ்சுவதில்லை.

தொட்டியிலிருந்து நாள்தோறும் நீர் ஆவியாகிறது. உப்பு ஆவியாவதில்லை. ஆகவே ஆவியான அளவுக்கு உப்பில்லாத நீரை ஊற்ற வேண்டும். அந்த நீருக்குப் பதிலாகச் சுண்ணாம்பு நீரை ஊற்றுவதே முறை. நம் தொட்டிக்கு வேண்டியது 10 மில்லி சமானம். அதாவது கால் லிட்டர் சுண்ணாம்பு நீர். ஆவியாவது ஒரு லிட்டர் என்றால் அதிகபட்சம் 40 மில்லி சமானம் வரை இவ்வழியில் கொடுக்கலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் தொட்டி நீர் வழிந்துவிடும். ஆவியாகும் அளவே இம்முறையின் எல்லை.

எச்சரிக்கை: இந்நீரின் பி.எச். 12-க்கு மேல். கண்ணில் பட்டால் கண்ணுக்குக் கேடு. கண்ணாடியும் கையுறையும் அணியாமல் தொடக்கூடாது. தெளிந்த நீரை மட்டும் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இரவில் தொட்டியின் பி.எச். தாழ்ந்திருக்கும்; ஆதலால் இரவில் சொட்ட விடுவது நலம். ஒரேயடியாக ஊற்றினால் பவளமும் மீனும் மடியும்.

3. இரட்டைக் கரைசல்

செலவு மிகுந்து சுண்ணாம்பு நீர் எட்டாதபோது, இரண்டு தனித்தனிக் கரைசல்களைப் பயன்படுத்துகிறார்கள். ஒன்றில் கால்சியம் குளோரைடு. மற்றொன்றில் சமையல் சோடா எனப்படும் சோடியம் பைகார்பனேட்டு. ஜெர்மானியரான பாலிங் என்பவர் இதனை ஒழுங்குபடுத்தியதால் பாலிங் முறை என்ற பெயரும் வழங்குகிறது.

100 லிட்டர் தொட்டியின் காரத்தன்மையை 1 மில்லி சமானம் உயர்த்த 8.4 கிராம் சமையல் சோடா வேண்டும். அதற்குத் துணையாக 2 கிராம் கால்சியம் வேண்டும். அதாவது இரு நீர் மூலக்கூறு கொண்ட கால்சியம் குளோரைடு 7.35 கிராம். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கலக்கக்கூடாது. கலந்தால் பாத்திரத்திலேயே சுண்ணாம்பு படிந்துவிடும். பவளத்திற்கு ஒன்றும் சேராது. தொட்டியிலும் வெவ்வேறு நேரத்தில், நீர் ஓடும் இடத்தில் விட வேண்டும்.

இம்முறையில் அளவு துல்லியமாக இருக்கும். குறை என்னவெனில், எஞ்சிய சோடியமும் குளோரைடும் சேர்ந்து சாதாரண உப்பாகத் தொட்டியில் தங்கும். நாளொன்றுக்கு 0.8 மில்லி சமானம் செலவிடும் 100 லிட்டர் தொட்டியில் மாதத்திற்கு 140 கிராம் உப்பு கூடும். தொட்டியில் முன்பே உள்ள உப்பு ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. ஆகவே மாதந்தோறும் உப்பளவைச் சோதித்துச் சிறிது நீரை மாற்ற வேண்டும்.

4. கரியமில வாயுக் கலம்

நம் ஊர்க் கிணற்றில் நடப்பதைக் கருவியால் செய்வது நான்காம் முறை. மூடிய குழாய் ஒன்றில் சுண்ணாம்புச் சரளையை நிரப்பி, தொட்டி நீரை அதன் வழியே சுற்றவிட்டு, உருளையிலிருந்து கரியமில வாயுவைச் சிறிது சிறிதாகச் செலுத்துகிறார்கள். உள்ளே பி.எச். ஏறத்தாழ 6.5 ஆகத் தாழ்ந்ததும் கல் கரைகிறது. கரைந்த நீர் துளித்துளியாகத் தொட்டிக்குத் திரும்புகிறது. இங்கும் கால்சியமும் காரத்தன்மையும் சரியான விகிதத்திலேயே கிடைக்கின்றன.

ஆனால் வாயு உருளை, அழுத்தம் குறைக்கும் வால்வு, பம்பு, பி.எச். அளவி என்று செலவு அதிகம். மிஞ்சிய கரியமில வாயு தொட்டியின் பி.எச். மதிப்பைத் தாழ்த்தும். எனவே சிறு தொட்டிக்கு இது குருவி தலையில் பனங்காய். பெரிய தொட்டிக்கோ இதுவே சிக்கனம். நாளொன்றுக்கு 1 மில்லி சமானம் செலவிடும் 1000 லிட்டர் தொட்டிக்கு இரட்டைக் கரைசல் முறையில் ஆண்டுக்கு 27 கிலோ கால்சியம் குளோரைடும் 31 கிலோ சமையல் சோடாவும் வேண்டும். கரியமில வாயுக் கலத்திலோ ஆண்டுக்குச் சுமார் 18 கிலோ கல் கரைந்தால் போதும்.

எதனைத் தேர்ந்தெடுப்பது?

மேற்கூறியவற்றைத் தொகுத்துப் பார்த்தால் விதி எளிதாகிறது.

செலவு மிகக் குறைவு எனில் நீர் மாற்றுதல்.

ஆவியாகும் நீரின் எல்லைக்குள் அடங்கும் எனில் சுண்ணாம்பு நீர்.

அந்த எல்லையைத் தாண்டினால் இரட்டைக் கரைசல்.

தொட்டியும் பெரிது, செலவும் பெரிது எனில் கரியமில வாயுக் கலம்.

தேவையை நிறைவு செய்யும் முறைகளுள் எளியது எதுவோ அதுவே சிறந்தது. விலை உயர்ந்த கருவியே உயர்ந்த முறை என்று எண்ணுவது பிழை. எந்த முறையானாலும், குறைந்ததை மட்டுமே நிரப்ப வேண்டும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மை. மிகுதியாகச் சேர்த்தால் தொட்டி நீர் பால்போல் வெளுத்து, சுண்ணாம்பு பம்பின் மீதும் மணலின் மீதும் படியும். கொடுத்ததும் போய், இருந்ததும் போகும்.

இதில் மக்னீசியத்துக்கும் பங்கு உண்டு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 1280 மில்லிகிராம் மக்னீசியம் இருக்கிறது. சுண்ணாம்பு தானாகப் படிந்துவிடாமல் தடுப்பது அதுவே. அது குறைந்த தொட்டியில் எவ்வளவு கால்சியம் சேர்த்தாலும் நிற்காது.

நம் ஊருக்குரிய சில எச்சரிக்கைகள்

முதலாவது, ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஆவியான நீருக்கு ஈடாக ஊற்றக்கூடாது. அதில் ஏற்கெனவே பல உப்புகள் கரைந்துள்ளன. நாளடைவில் அவை தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். ஆர்.ஓ. முறையில் வடித்த நீரே ஏற்றது.

இரண்டாவது, வெற்றிலைச் சுண்ணாம்பும் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பும் கால்சியம் ஹைட்ராக்சைடுதான் என்றாலும் தூய்மையானவை அல்ல. மண், சாம்பல் முதலியன கலந்திருக்கலாம். ஆய்வகத் தரமுள்ள தூளையே பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவது, நம் ஊர்க் கல் எல்லாம் ஒன்றன்று. ஊட்டத்தூர்த் தொகுதிக் களிமண்ணில் பாஸ்பேட்டு உருண்டைகளும் ஜிப்சமும் கிடைக்கின்றன. பாஸ்பேட்டு கரைந்தால் பாசி மண்டும். பவளத்தின் சுண்ணாம்புக் கட்டுமானமும் தடைப்படும். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட்டு. அது கால்சியத்தைத் தரும், காரத்தன்மையைத் தராது. பவளத்திற்குப் பஞ்சம் வருவது எதனால் என்று மேலே கண்டோமல்லவா? ஆகவே பொறுக்கி வந்த கல்லைக் கலத்தில் போடுவது அறிவுடைமையாகாது.

நான்காவது, வெப்பம். நம் மாவட்டங்களின் சித்திரை, வைகாசி வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தொட்டி நீர் 30 டிகிரிக்கு மேல் பல நாள் நின்றால் பவளம் தன் நுண்பாசிகளை இழந்து வெளுக்கத் தொடங்கும். மின்விசிறி வைத்தால் நீர் குளிரும். ஆனால் அதிகம் ஆவியாகும். அதிகம் ஆவியானால் அதிகச் சுண்ணாம்பு நீரை ஊற்ற இடம் உண்டு என்பது உண்மையே. இடம் உண்டு என்பதற்காகத் தேவைக்கு மேல் ஊற்றலாகாது. மீதியைத் தூய நீரால் நிரப்ப வேண்டும்.

பவளமும் சட்டமும்

இனி முதலில் ஒத்திவைத்த வினாவுக்கு வருவோம்.

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் இருந்தன. அவற்றைச் சுற்றிப் பவளத் திட்டுகள் உள்ளன. பல ஆண்டுகள் அத்திட்டுகளிலிருந்து பவளக் கற்களை வெட்டியெடுத்துக் கரைக்குக் கொண்டு வந்தார்கள். எதற்காக? சுண்ணாம்புக் காளவாய்களுக்கும், கார்பைடுத் தொழிலுக்கும், கட்டடங்களுக்கும். அலையைத் தடுத்து நின்ற திட்டு போயிற்று, கடல் அரித்தது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கிவிட்டன. நம் ஊரில் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன கடலிலிருந்து சுண்ணாம்பு எடுக்கிறோம். அங்கோ உயிரோடிருந்த கடலிலிருந்தே சுண்ணாம்பு எடுத்தார்கள். ஒரு பவளத் திட்டு உயர நூற்றாண்டுகள் வேண்டும்; உடைக்க ஒரு கடப்பாரை போதும்.

அங்கே 1986-ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. 2001-ஆம் ஆண்டில் கல் பவளங்கள், கடல்விசிறிகள் முதலியன 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பே பவளத்திற்கும் உண்டு. ஆகவே நம் கடலிலிருந்து பவளத்தை எடுப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றமாகும். உலர்ந்த துண்டாயினும் அப்படியே. சுற்றுலா சென்ற இடத்தில் அழகாக இருக்கிறதே என்று ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வருவதும், கலத்துக்குச் சரளையாக இருக்கட்டும் என்று பவளக்கல்லை வாங்குவதும் தவறு.

அப்படியானால் இந்தப் பாடம் எதற்கு? பவளத்தைக் காப்பாற்ற முயல்பவர்களுக்கும் பவளத்தின் பசியை அறிந்திருக்க வேண்டும். தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002-ஆம் ஆண்டு முதல் மன்னார் வளைகுடாவில் பவளத் துண்டுகளைச் சிமெண்டுப் பலகைகளில் கட்டிக் கடலடியில் நட்டு வளர்த்து வருகிறார்கள். 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறி அங்குப் பவளங்கள் வெளுத்தன. காற்றில் பெருகிவரும் கரியமில வாயு கடல்நீரில் கரைந்து அதன் பி.எச். மதிப்பைத் தாழ்த்துகிறது, பவளம் கிண்ணம் கட்டுவது கடினமாகிறது. ஒரு கண்ணாடித் தொட்டியின் கணக்கைப் புரிந்துகொண்டவளுக்கு, கடலுக்கு நேர்ந்துள்ள இடர் என்னவென்று ஒருவர் விளக்க வேண்டியதில்லை. தொட்டியில் குறைந்ததை ஊற்றலாம். கடலுக்கு யார் ஊற்றுவது?

வீட்டில் கடல் தொட்டி வைக்க ஆசைப்படுபவர்கள் பவளமின்றியே வைக்கலாம். மண்டபத்தில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீனைப் பண்ணையிலேயே குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை வகுத்திருக்கிறார்கள். அத்தகைய பண்ணை மீன்களோடு, பாறையில் படரும் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசியை வளர்க்கலாம். அந்தப் பாசியும் கால்சியம் கார்பனேட்டையே கட்டுகிறது. நாம் கற்ற கணக்கு முழுவதும் அதற்கும் பொருந்தும். வாரந்தோறும் நீர் மாற்றினால் பெரும்பாலும் போதும்.

ஒரு கணக்கு

200 லிட்டர் தொட்டி ஒன்றில் காரத்தன்மை ஐந்து நாளில் 3.2-லிருந்து 2.2 ஆகிறது. நாள்தோறும் 2 லிட்டர் நீர் ஆவியாகிறது. எந்த முறை ஏற்றது? எவ்வளவு கொடுக்க வேண்டும்? விடையை மூடி வைத்துக்கொண்டு செய்து பாருங்கள்.

விடை: நாளொன்றுக்குக் குறைவது 0.2. தொட்டி முழுமைக்கும் 40 மில்லி சமானம். அதற்கு நிறைவுற்ற சுண்ணாம்பு நீர் 1 லிட்டர் போதும். ஆவியாகும் 2 லிட்டருக்குள் அது அடங்குவதால் சுண்ணாம்பு நீர் முறையே ஏற்றது. மீதி 1 லிட்டருக்குத் தூய நீரை ஊற்றுக.

மாணவியரே! அடுத்த முறை சுண்ணாம்புக்கல் லாரி உங்களைக் கடந்து செல்லும்போது, அதிலுள்ள ஒவ்வொரு கல்லையும் ஒரு சிற்றுயிர் கடல்நீரிலிருந்து துளித்துளியாகச் சேர்த்தது என்று எண்ணிப் பாருங்கள். அந்த உயிரின் இன்றைய உறவினர்கள் மன்னார் வளைகுடாவில் இன்னும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய முதல் உதவி, அவர்களை அவர்கள் இடத்திலேயே விட்டுவைப்பதுதான்.